இயர்போன் மக்கர் பண்ணினால்: புதுசு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

“இயர்போன் போச்சு, நல்லதா ஒண்ணு சொல்லுங்க” என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, போன பழையது எங்கே என்றுதான். வாங்கிப் பார்த்தால் பல சமயம் அது போயிருக்காது. சத்தம் வரும் வலையில் குறும்பி அடைத்திருக்கும், போனின் ஜாக் ஓட்டையில் பாக்கெட் தூசி இறுகியிருக்கும், செட்டிங்கில் குழந்தை எதையோ நகர்த்தி வைத்திருக்கும். நிஜமாகவே போயிருந்தாலும், எந்த இடத்தில் போனது என்று தெரிந்தால்தான் அடுத்ததை எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்ல முடியும். ஜாக்கில் செருகும் பின்னின் ஓரத்தில் ஒயர் அறுந்தவருக்கும் வேர்வையில் ஒயரில்லாத பட்ஸ் அரித்துப்போனவருக்கும் ஒரே பதில் கிடையாது.

தலைப்புகளை ஆட்கள் சொல்லும் புகாராகவே வைத்திருக்கிறேன். உங்கள் புகார் எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைத் தொடும் காரணம் கடைசியில்.

வேண்டிய சாமான் அதிகமில்லை: பழைய மென்மையான டூத்பிரஷ், மரத்தாலான பல்குத்தும் குச்சி, பஞ்சு, மருந்துக்கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், போன் டார்ச். ஒயர் இயர்போன் என்றால் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. குண்டூசி, சேஃப்டி பின், ஊக்கு இவையெல்லாம் பக்கத்திலேயே வேண்டாம்.

## எதற்கும் முன்னால்: மாற்றிப் பார்ப்பது

மூன்றே கேள்வி. இதே இயர்போன் வேறு போனில் எப்படி? இதே போனில் வேறு இயர்போன் எப்படி? இதே ஜோடியில் வேறு பாட்டு, வேறு ஆப் எப்படி?

வேறு போனிலும் அதே கோளாறு என்றால் இயர்போன். வேறு போனில் நன்றாக இருந்தால் உங்கள் போனின் ஜாக் அல்லது செட்டிங். ஒரு பாட்டில் மட்டும் என்றால் அந்தப் பாட்டு ஃபைல். போன், இயர்போன் இரண்டையும் குறை சொல்லாதீர்கள். 1960களின் சில ஸ்டீரியோ பதிவுகளில் குரல் முழுக்க ஒரு பக்கமும் வாத்தியம் இன்னொரு பக்கமுமாகவே வைத்திருப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றிப் பிரித்தவர்கள் உண்டு.

## “ஒரு பக்கம் கேட்கல”

அதிகம் வருவது இதுதான், காரணமும் இதற்குத்தான் அதிகம்.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். இடது காதில் இருப்பதை வலது காதிலும், வலதை இடதிலும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். கேட்காத பக்கம் இயர்போனோடு சேர்ந்து நகர்ந்தால் கோளாறு இயர்போனில். எதைப் போட்டாலும் அதே காதில்தான் கம்மி என்றால் கோளாறு காதில். கடைசிக்கு முந்தைய தலைப்புக்குப் போங்கள்.

அடுத்து செட்டிங். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அக்செஸிபிலிட்டி பகுதிக்குள் ஒலி சம்பந்தமான இடத்தில் இடது வலது பேலன்ஸ் என்று ஒரு கோடு இருக்கும். அதன் குமிழ் நடுவில் இருக்க வேண்டும். பக்கத்திலேயே மோனோ ஆடியோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் உண்மையிலேயே செத்துப்போய், புதுசு வரும்வரை ஓட்ட வேண்டும் என்றால் இதை ஆன் செய்துகொள்ளுங்கள். இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒரே காதில் வந்துவிடும்.

வலை. ரப்பரைக் கழற்றிவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சுத்தமான வலையில் ஓட்டைகள் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். அடைத்த வலையில் மஞ்சள் படிந்து பளபளக்கும், ஓட்டையே தெரியாது. வலை தரையைப் பார்க்கும்படி இயர்போனைப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து பிரஷ்ஷால் தேயுங்கள். மேலே பார்க்கப் பிடித்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளேதான் இறங்கும். இறுகிப்போயிருந்தால் பிரஷ் நுனியில் மட்டும் ஆல்கஹாலைத் தொட்டு, அதே மாதிரி தலைகீழாக வைத்துத் தேய்த்து, உலரவிடுங்கள். சுவரில் போஸ்டர் ஒட்டும் புட்டி இருந்தால் அதை வலைமேல் லேசாக ஒற்றி எடுப்பதும் நன்றாக வேலை செய்யும். அழுத்தினால் புட்டியே உள்ளே தங்கிவிடும், ஜாக்கிரதை. ஊசியால் குத்தினால் வலை உள்ளே போய், அதற்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு கிழியும். அதற்கு மருந்தே கிடையாது.

இதுவரை எல்லா வகைக்கும் பொது. இனி கிளை பிரிகிறது.

### ஒயர் இயர்போன் என்றால்

போன் ஜாக்கைப் பாருங்கள். பாண்ட் பாக்கெட்டின் பஞ்சு உள்ளே போய், ஒவ்வொரு முறை பின் செருகும்போதும் அடியில் கெட்டித்துப்போயிருக்கும். பின் முழுக்க இறங்காமல் ஒரு முடி அளவு வெளியே நிற்கும். போனை ஆஃப் செய்துவிட்டு மரக் குச்சியால் ஓரமாகச் சுரண்டி எடுங்கள். தடிமனான பேக் கவரும் பின்னை இறங்கவிடாமல் தடுக்கும். கவரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை செருகிப் பாருங்கள்.

பிறகு ஒயர். யாராவது பேசும் ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிட்டு, பின்னுக்கு அடுத்த இரண்டு அங்குலத்தை விரலால் மெதுவாக வளையுங்கள். அப்புறம் மைக் பகுதி, ஒயர் இரண்டாகப் பிரியும் இடம், கடைசியாகக் காதுப் பக்கம். எந்த இடத்தில் வளைக்கும்போது விட்டுவிட்டுக் கேட்கிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பின் ஓரம்தான்.

மல்டிமீட்டர் இருந்தால் ஓம் அளவில் வையுங்கள். பின்னை நுனியிலிருந்து எண்ணினால் முதல் துண்டு இடது, இரண்டாவது வலது, மூன்றாவது கிரவுண்ட், நான்காவது இருந்தால் அது மைக். முதல் துண்டுக்கும் மூன்றாவதுக்கும் இடையே ஒரு அளவு, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே ஒரு அளவு எடுங்கள். சாதாரண இயர்போனில் 16 அல்லது 32 ஓமை ஒட்டி வரும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். மீட்டரின் முனை படும்போது அந்தப் பக்கத்தில் லேசாக ‘டிக்’ என்று கேட்டால் உள்ளே உயிர் இருக்கிறது. அளவே காட்டவில்லை என்றால் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் போயிருக்கிறது. ஒயரை வளைத்தால் அளவு வந்து வந்து போகிறதா? ஒயர்தான், பிழைத்தது.

சால்டரிங் தெரிந்தவர்களுக்கு: அறுந்த இடத்துக்கு மேல் ஒரு அங்குலம் தள்ளி வெட்டி, புது மெட்டல் பின் போடலாம். சென்னையில் ரிச்சி தெருவில் இந்தப் பின் சில பத்து ரூபாய்க்கே கிடைக்கும். உள்ளே முடி மாதிரி கலர் கலரான ஒயர்கள் வரும். அந்தக் கலர் ஒரு பூச்சு. அது எரிந்தால்தான் ஈயம் ஒட்டும். சூடான அயர்ன் நுனியில் ஒரு சொட்டு ஈயம் எடுத்து, ஒயர் முனையை அதற்குள் சில விநாடி வைத்திருந்தால் புகைந்து, வெள்ளையாக ஈயம் பிடிக்கும். வழக்கமாக சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்புக் கலர் கிரவுண்ட். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றுவார்கள், வெட்டிய பழைய பின்னில் மீட்டரை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னின் மூடியை முதலிலேயே ஒயரில் கோத்துவிட வேண்டும். எல்லாம் சால்டர் வைத்து முடித்துவிட்டு, மேஜைமேல் கிடக்கும் மூடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாதவர் இந்தத் தொழிலில் கிடையாது.

இருநூறு ரூபாய் இயர்போனுக்கு இந்த வேலை கட்டாது. காது பிடித்துப்போன, விலை கூடிய ஒன்றுக்குக் கட்டும். வெளியே கொடுத்துச் செய்வதானால் கூலி, புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

### ஒயரைக் கழற்றி மாட்டும் வகை என்றால்

இதுதான் எனக்குப் பிடித்த வகை, காரணம் சோதனை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். இடது ஒயரை வலது ஷெல்லிலும் (காதில் மாட்டும் கூடு) வலது ஒயரை இடது ஷெல்லிலும் மாட்டுங்கள். கோளாறு பக்கம் மாறினால் ஒயர். அதே ஷெல்லிலேயே நின்றால் ஷெல். மாட்டும்போது பின் வளைந்திருக்கிறதா பாருங்கள். வளைந்ததை மெல்லிய பிளேயரால் ஒரே முறை நிமிர்த்தலாம், இரண்டாம் முறை உடையும். புது ஒயர் வாங்கும்போது அளவு முக்கியம்: இரண்டு பின் வகையில் 0.78 மி.மீ, 0.75 மி.மீ என்று இரண்டு உண்டு. எம்எம்சிஎக்ஸ் என்பது சுழலும் வட்ட இணைப்பு, அது முற்றிலும் வேறு. 0.78 பின்னை 0.75 ஓட்டையில் அழுத்தினால் ஷெல் விரியும்.

### பட்ஸ் என்றால்

கேட்காத பட்ஸ் ஆன் ஆகிறதா என்பதே முதல் கேள்வி. கேஸில் வைத்தால் அதன் லைட் எரிகிறதா, போனில் அதன் சார்ஜ் அளவு காட்டுகிறதா பாருங்கள். காட்டவில்லை என்றால் இது சத்தத்தின் கோளாறே அல்ல, சார்ஜ் கோளாறு. அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

ஆன் ஆகிறது, ஆனால் இன்னொன்றோடு சேரவில்லை என்றால் ரீசெட். போனின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து அதை நீக்குங்கள். வீட்டில் வேறு போன், லேப்டாப், டிவி எதிலாவது சேர்த்திருந்தால் அங்கேயும் நீக்குங்கள்; பக்கத்து அறை டிவி அதைப் பிடித்து வைத்திருப்பது சகஜம். இரண்டையும் கேஸில் வைத்து, மாடலுக்கு ஏற்றபடி கேஸ் பட்டனையோ பட்ஸின் தொடு இடத்தையோ பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சரியான முறை பெட்டிக்குள் வந்த சீட்டில் இருக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் சர்வீஸ் சென்டர்தான். பட்ஸைப் பிரித்து ஒட்டுவது தெருவோரக் கடைக்கான வேலை அல்ல, பிரித்த பட்ஸில் தண்ணீர்த் தடுப்பும் போய்விடும்.

## “மியூசிக் கேட்குது, பாடுறவங்க குரல் மட்டும் காணோம்”

கேட்க அமானுஷ்யமாக இருக்கும், காரணம் எளிது: கிரவுண்ட் சரியாகத் தொடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது மைக் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். குரல் திரும்பி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

பின்னை முழுக்க அழுத்துங்கள். ஜாக்கைச் சுத்தம் செய்யுங்கள். நான்கு துண்டு பின்னைப் பழைய ஸ்டீரியோவிலோ கீபோர்டிலோ செருகியிருந்தால், ஒரு மயிரிழை வெளியே இழுத்துப் பாருங்கள். அங்கே குரல் வந்தால் மூன்று துண்டு பின்னுக்கு மாற்றும் சின்ன அடாப்டர் வாங்கினால் தீர்ந்தது. மிகப் பழைய போன்கள் சிலவற்றோடு வந்த இயர்போன்களில் கிரவுண்டும் மைக்கும் இடம் மாறியிருக்கும். மேஜை டிராயரில் கிடந்ததை எடுத்து இன்றைய போனில் மாட்டினால் இதே கதைதான். எதற்கும் சரியாகவில்லை என்றால் பின் ஓரத்தில் கிரவுண்ட் ஒயர் அறுந்திருக்கிறது, மேலே சொன்ன சால்டரிங்.

## “பேஸ் இல்ல, தகரச் சத்தமா இருக்கு”

காதுக்குள் போகும் வகையை மாட்டிக்கொண்டு, பாட்டு ஓடும்போது விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று வந்தால் இயர்போனில் ஒரு குறையும் இல்லை, ரப்பர் அளவு தப்பு. பெட்டியில் கூடவே வரும் சின்னதும் பெரியதும் அதற்குத்தான். பலர் நடு அளவோடு வந்ததை அப்படியே போட்டுக்கொண்டு, மற்றதைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு வேண்டும் என்ற சட்டமும் இல்லை. ஒரு காதுக்கு நடு அளவு, இன்னொன்றுக்குப் பெரியது என்று போட்டுக்கொள்வதில் தவறே கிடையாது. ஒரு வருடம் ஓடிய ரப்பர் எண்ணெய் ஏறித் தளர்ந்துவிடும். புது ஜோடி வாங்குங்கள். எதுவும் நிற்காத காதுக்கு ஸ்பாஞ்ச் முனை உண்டு. சுருட்டி உள்ளே விட்டால் விரிந்து அடைத்துக்கொள்ளும், ஆனால் சில மாதத்தில் மாற்ற வேண்டிவரும்.

ரப்பரே இல்லாமல் காதின் வாசலில் உட்காரும் வகையில் இந்தச் சோதனையை எவ்வளவு அழுத்திச் செய்தாலும் பேஸ் முழுதாக வராது. அதன் அமைப்பே அப்படி. பஸ்ஸில் பாட்டுக் கேட்பவர் அதை வாங்குவது வீண். வீட்டில் கேட்டுக்கொண்டே காலிங் பெல்லும் காதில் விழ வேண்டும் என்பவருக்கு அதுதான் சரி.

லேப்டாப்பில் மட்டும் திடீரென்று லேண்ட்லைன் போன் மாதிரி கேட்டால், அது தனிக் கதை. மீட்டிங் ஆப் பட்ஸின் மைக்கை எடுத்துக்கொண்டவுடன் ப்ளூடூத், பாட்டுக் கேட்கும் முறையிலிருந்து பேசும் முறைக்கு மாறிவிடும். அதில் சத்தம் மோனோ, தரமும் குறைவு. மீட்டிங் ஆப்பில் மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், ஸ்பீக்கர் என்ற இடத்தில் பட்ஸை விடுங்கள். சத்தம் உடனே திரும்பும். இந்த ஒரு செட்டிங் தெரியாமல் விலை கூடிய பட்ஸைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் பேஸ் போதவில்லை என்றால் அந்த இயர்போனின் குணமே அது. ஈக்வலைஸரில் பேஸை மட்டும் ஏற்றாமல் மற்றதையெல்லாம் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், கரகரப்பு வராது.

## “ப்ளூடூத் விட்டுவிட்டு வருது”

போன் எங்கே இருக்கிறது? பின்பாக்கெட்டிலோ இடுப்புப் பையிலோ என்றால் சட்டைப் பாக்கெட்டுக்கு மாற்றிப் பாருங்கள். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், அதை மனித உடம்பு நன்றாகவே தடுக்கும். வீட்டில் ஒரே இடத்தில் மட்டும் என்றால் வைஃபை ரவுட்டர் அல்லது மைக்ரோவேவ் பக்கத்தில் இருக்கும். போனின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் போன்ற கூட்டத்தில் மட்டும் என்றால் கவலையே வேண்டாம், அங்கே எல்லார் பட்ஸும் அப்படித்தான்.

எல்லா இடத்திலும் என்றால்: எல்டிஏசி போன்ற உயர்தர கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது 990 கேபிபிஎஸ் வரை தரவை அனுப்பப் பார்க்கும், நெரிசலில் தடுமாறும். தரத்தை விட இணைப்பு முக்கியம் என்று இருக்கும் தேர்வை வையுங்கள், அல்லது ஏஏசி என்ற சாதாரண கோடெக்குக்கு இறக்குங்கள். பஸ் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. ஒரே நேரத்தில் இரண்டு கருவியோடு சேரும் வசதியை ஆஃப் செய்யுங்கள். பாட்டு ஆப்புக்கு பேட்டரி சேமிப்புக் கட்டுப்பாடு இருந்தால் நீக்குங்கள். வேறு போனிலும் இதே என்றால் பட்ஸின் ஆன்டெனா. வாரண்டி இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் செலவழிக்காதீர்கள்.

வாய் அசைவதும் சத்தமும் பொருந்தாமல் இருப்பது வேறு. வீடியோ ஆப்கள் பெரும்பாலும் தாமாகவே சரிக்கட்டிவிடும், கேம்தான் சிக்கல். கேம் மோடு இருந்தால் ஆன் செய்யுங்கள், போதாவிட்டால் ஒயர்.

## “சார்ஜ் ஏறல, ஏறினாலும் நிக்கல”

கேஸுக்குள் இருக்கும் சின்ன பொன்னிறப் புள்ளிகளையும் பட்ஸின் அடியில் இருக்கும் ஜோடிப் புள்ளிகளையும் டார்ச்சில் பாருங்கள். கருப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அது வேர்வை உப்பு. ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே பாதிப் பேருடைய பட்ஸ் எழுந்துவிடும். அடுத்து ரப்பர்: தனியாக வாங்கிய பெரிய ரப்பர் போட்டிருந்தால் பட்ஸ் கேஸுக்குள் முழுக்க உட்காராது, மூடி மூடியது போலத் தெரிந்தாலும் அடியில் தொடாது.

கேஸே சார்ஜ் ஏறவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள், அதிலும் ஒரு குறிப்பிட்ட மாதிரி மாற்றுங்கள். இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில் ஏறாத சில மலிவு கேஸ்கள், ஒரு முனை பழைய அகலமான யுஎஸ்பி ஆன கேபிளில் ஏறும். சார்ஜருக்கு அடையாளம் சொல்லும் ஒரு சின்ன ரெசிஸ்டரைக் கேஸுக்குள் வைக்காமல் மிச்சம் பிடித்திருப்பார்கள், அதுதான் விஷயம். புதுசு வாங்கியவுடன் இதைச் சோதித்துவிடுங்கள்.

வாங்கும்போது ஐந்து மணி நேரம் நின்றது, இப்போது ஒன்றரை மணி நேரம் என்றால் பேட்டரி தேய்ந்துவிட்டது. பட்ஸுக்குள் இருப்பது மிகச் சின்ன லித்தியம் பேட்டரி, இரண்டு மூன்று வருடத்தில் இப்படி ஆவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் தீர்ந்தால், பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத்தான் எப்போதும் பேசுவதற்குத் தனியாகப் போட்டிருப்பீர்கள். சில கம்பெனிகள் ஒற்றை பட்ஸ் விற்கின்றன, கேட்டுப் பாருங்கள். கேஸோ பட்ஸோ உப்பியிருந்தாலும், தொட முடியாத சூடானாலும், சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

## “நான் பேசுறது எதிர்ல கேட்கலயாம்”

போனின் வாய்ஸ் ரெக்கார்டரில் பதிந்து கேளுங்கள். அதில் நன்றாக இருந்து ஒரு ஆப்பில் மட்டும் இல்லை என்றால் அந்த ஆப்பின் மைக் அனுமதி. ரெக்கார்டரிலும் மங்கல் என்றால் மைக் ஓட்டை. பிரஷ் போதும், குச்சியைக்கூட உள்ளே விடாதீர்கள். பைக்கில் போகும்போது மட்டும் என்றால் அது காற்று, எந்த விலைக்கும் முழுத் தீர்வு இல்லை. பைக் ஓட்டும்போது பேச வேண்டாம் என்பதும் இருக்கிறது.

டெஸ்க்டாப்பில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஓட்டை இருந்தால், நான்கு துண்டு பின்னை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வேண்டும். அது இல்லாமல் மைக் வேலை செய்யாது. நாளெல்லாம் போனில் பேசுவதுதான் வேலை என்பவருக்கு என் சிபாரிசு இன்றைக்கும் ஒயர்தான். மைக் வாய்க்குக் கிட்டே இருக்கிறது, சார்ஜ் கவலை கிடையாது.

## “சவுண்ட் ரொம்பக் கம்மி”

இரண்டு பக்கமும் மெதுவாகக் குறைந்திருந்தால் வலை, மேலே சொல்லியாயிற்று. திடீரென்று குறைந்திருந்தால் போனில் வால்யூம் வரம்பு யாராவது வைத்திருக்கிறார்களா பாருங்கள். ஆண்ட்ராய்டில் பட்ஸ் வால்யூமும் போன் வால்யூமும் முட்டிக்கொண்டால், செட்டிங்கில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன் பகுதியில், இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் அப்ஸல்யூட் வால்யூமை முடக்கும் சுவிட்சைப் போட்டு, இரண்டையும் தனித்தனியே ஏற்றிப் பார்க்கலாம்.

டைப்-சி அடாப்டர் போட்டுக் கேட்கிறவர்கள் கவனிக்க: அடாப்டரில் இரண்டு ஜாதி. ஒன்று வெறும் ஒயர், போனே உள்ளிருந்து ஒலியை அனுப்பினால்தான் வேலை செய்யும். இன்னொன்றில் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சிப், அதாவது டிஏசி, உள்ளேயே இருக்கும். ஐபோன் 15 முதல் டைப்-சி ஐபோன்களிலும் இன்றைய பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இரண்டாவதுதான் வேலை செய்யும். கடையில் ‘எல்லாத்துக்கும் போகும் சார்’ என்று கொடுப்பது பெரும்பாலும் முதலாவது. பெட்டியில் டிஏசி என்று போட்டிருக்கிறதா பார்த்து, உங்கள் போனிலேயே செருகிக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டூடியோவுக்கான 250, 300 ஓம் ஹெட்போனைப் போனில் மாட்டி சவுண்ட் கம்மி என்றால், போனுக்கு அந்தத் தெம்பு இல்லை. கைக்கு அடக்கமான, சத்தத்தைப் பெருக்கியும் கொடுக்கும் ஒரு டிஏசி-ஆம்ப் வாங்க வேண்டும், அல்லது போனுக்கென்றே உள்ள 16, 32 ஓம் வகைக்கு வர வேண்டும். அன்றாடம் கேட்க இரண்டாவதே போதும்.

## “கர்ருங்குது, கொய்ங்குது”

- சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் ‘ம்ம்ம்’ என்றால் சார்ஜர். பிடுங்கினால் நிற்கும். காதில் சுருக்கென்று அடித்தால் அந்தச் சார்ஜரை இனி தொடாதீர்கள்.
- மாட்டும்போது, அழுத்தும்போது மொறுமொறு என்றால் உள்ளே காற்று அழுத்தம். காதைப் பின்னால் இழுத்துக்கொண்டு மெதுவாக மாட்டுங்கள். கேட்கும்போது இல்லை என்றால் கோளாறில்லை.
- இரைச்சல் நீக்கும் வசதியை ஆன் செய்தால் விசில் என்றால், வெளிப்பக்க மைக் ஓட்டையை முடியோ தொப்பியோ மூடுகிறது. எதுவும் மூடாமலே படபடவென்று கேட்டால் சர்வீஸ்.
- பேஸ் வரும்போது மட்டும் ஒரு பக்கம் கரகர என்றால், ஹெட்போனில் பெரும்பாலும் உள்ளே போன ஒரு தலைமுடி. காதில் படும் மெத்தையைக் கழற்றி எடுத்துவிடலாம். சின்ன இயர்போனில் அது தகடு கிழிந்ததன் அடையாளம், மாற்ற வேண்டியதுதான்.

## “மழையில நனைஞ்சிடுச்சு”, “வாஷிங் மெஷின்ல போயிடுச்சு”

ஈரத்தோடு கேஸில் வைக்காதீர்கள். கேஸில் வைத்தால் சார்ஜ் ஓடும், ஈரமான புள்ளிகள் அரித்துவிடும். துடைத்து, ரப்பரைக் கழற்றி, வலை கீழே பார்க்க வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். அரிசியில் புதைப்பதால் மாவுதான் ஏறும். ஹேர் டிரையர் பசையை இளக்கும்.

பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். இரண்டுமே நல்ல தண்ணீருக்கான சோதனை, வேர்வை உப்புக்கோ சோப்புக்கோ அல்ல. பெரும்பாலும் பட்ஸுக்கு மட்டும்தான், கேஸுக்கு அல்ல. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரில் காலையில் ஓடுகிறவர், ஓடி முடித்ததும் துடைத்துவிட்டுத்தான் கேஸில் வைக்க வேண்டும். மத்தியானத்தில் சத்தம் மங்கி, ஏசி ரூமில் தானாகச் சரியானால் அதுவும் வலையில் நின்ற ஈரம்தான்.

## “காது வலிக்குது”, “கழற்றினப்புறமும் ஓசை கேட்குது”

இங்கே கூப்பிட வேண்டிய ஆள் மெக்கானிக் அல்ல, காது மூக்கு தொண்டை டாக்டர்.

வெளிக்காதில் மட்டும் வலி என்றால் சின்ன ரப்பர் போட்டுப் பாருங்கள். அரிப்பு, நீர் வடிதல் இருந்தால் இயர்போனை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். ரப்பரை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளாதீர்கள். மாற்றிப் போட்டும் ஒரே காதில் சத்தம் கம்மி என்றால் குறும்பி அடைப்பாக இருக்கலாம். காது குடையும் பஞ்சுக் குச்சி அதை இன்னும் உள்ளேதான் தள்ளும். திடீரென்று ஒரு நாளில் ஒரு காது மந்தமானால் ‘சளியா இருக்கும்’ என்று காத்திருக்கக் கூடாது. அதற்குச் சில நாளுக்குள் மருத்துவம் தொடங்க வேண்டும், அன்றைக்கே போங்கள்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம். பஸ் இரைச்சலைத் தாண்ட வால்யூமை ஏற்றுவதுதான் ஆபத்து. நன்றாக அடைக்கும் ரப்பரோ இரைச்சல் நீக்கமோ இருந்தால் பாதி வால்யூமே போதும். இரைச்சல் நீக்கத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நான் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன்.

## சரி, வாங்கத்தான் வேண்டும் என்றால்

எது போனதோ அதைப் பார்த்து வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு ஒயர் அறுப்பவர், ஒயரைக் கழற்றி மாட்டும் வகைக்குப் போகட்டும். மூன்டிராப், கேஇசட் போன்ற சீனக் கம்பெனிகளின் வரவுக்குப் பிறகு இது இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே நல்ல சத்தத்தோடு கிடைக்கிறது. அதே விலை பட்ஸில் இந்தச் சத்தம் வராது, பணத்தில் பாதி பேட்டரிக்கும் ப்ளூடூத்துக்கும் போய்விடும். பட்ஸ் பேட்டரி போய் வருகிறவர், ஒற்றை பட்ஸ் தனியாக விற்கிறார்களா, ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கட்டும். ‘எக்ஸ்ட்ரா பேஸ்’, ‘13 மி.மீ டிரைவர்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் பில்லையும் சீரியல் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள், கோளாறை வீடியோ எடுத்துவையுங்கள். அங்கே போனதும் அது சமர்த்தாக வேலை செய்வது வழக்கம். வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

புதுசு கைக்கு வந்ததும், ரிட்டர்ன் நாள் முடிவதற்குள், நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை முழுக்கக் கேளுங்கள், ஒரு போன் கால் பேசுங்கள், எல்லா ரப்பரையும் போட்டுப் பாருங்கள், வீட்டில் இருக்கும் எல்லா சார்ஜரிலும் கேஸைச் செருகிப் பாருங்கள், தீரும்வரை ஒரு தடவை ஓடவிட்டு எத்தனை மணி நேரம் நின்றது என்று பில்லின் பின்பக்கம் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் பேட்டரி தேய்ந்ததா இல்லையா என்று வாதாட அந்த எண் உதவும்.